மூளைக் கட்டியும் வெப்பப் படமும்



கோவிட் நோய் பரவிய 2020-ஆம் ஆண்டில், கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே ஒரு கருவியைக் காட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள் அல்லவா? உடம்பைத் தொடாமலே அது சூட்டை எப்படி அறிந்தது? சூடுள்ள பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகின்றன. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் சூரிய ஒளியை வண்ணங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெறும் இருட்டில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் சூடு ஏறியது. அந்தக் கதிரை இப்படித்தான் கண்டுபிடித்தார்.

அக்கதிரைப் படமாக்கும் கேமராவை மூளை அறுவைச் சிகிச்சையிலும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். இதன் தேவை பால் மரம் வெட்டிய நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். கத்தி மேலாகப் போனால் பால் இறங்காது. ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மூளைக் கட்டியும் அப்படித்தான். மிச்சம் விட்டால் மீண்டும் வளரலாம். கூடுதலாக வெட்டினால் பேச்சோ கைகாலோ பாதிக்கப்படலாம். சில கட்டிகள் நல்ல மூளையோடு கலந்தே வளர்வதால் எல்லையைக் கண்ணால் காண்பது கடினம். மண்டையோட்டைத் திறந்ததும் மூளை சற்று இடம் நகர்வதால், முன்பு எடுத்த ஸ்கேன் படமும் சரியாகப் பொருந்தாமல் போகலாம்.

கட்டியுள்ள இடத்தில் இரத்த ஓட்டம் மாறியிருக்கும். அதனால் அவ்விடம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கலாம். குளிர்ந்த உப்புநீரை ஊற்றி, எந்த இடம் எவ்வளவு விரைவில் மீண்டும் சூடேறுகிறது என்றும் கேமராவில் பார்ப்பதுண்டு. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலைய ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் இத்தகைய ஆய்வை வெளியிட்டனர். ஆயினும் கேமரா மேற்பரப்பையே காணும். ஆழத்தில் உள்ள கட்டி தெரியாமல் போகலாம். ஆகவே இது இன்னும் ஆராய்ச்சித் துணைதான்.

ஒன்றை மறவாதீர்கள். மூடிய மண்டையோட்டின் வழியே இந்தக் கேமரா கட்டியைக் காட்டாது. தலையை வெப்பப் படம் எடுத்துக் கட்டியைக் கண்டுபிடிப்பதாக யாராவது சொன்னால் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். அதற்கு சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்களே உண்டு.

தலைவலி எல்லாம் கட்டியல்ல. ஆனால் காலையில் எழும்போதே வலி, அதோடு வாந்தி, நாளுக்கு நாள் கூடும் வேதனை, பெரியவர்களுக்கு முதன்முதலாக வரும் வலிப்பு, ஒரு பக்கக் கைகால் பலவீனம், பேச்சுத் தடுமாற்றம், பார்வை மங்கல் இவற்றை அலட்சியப்படுத்தக் கூடாது. திருநீறு பூசி வேண்டிக்கொள்வது நம் வழக்கம், செய்யலாம். அன்றே மருத்துவரிடமும் காட்ட வேண்டும். வலிப்போ திடீர்ப் பலவீனமோ வந்தால், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே நேராகச் செல்லுங்கள். மற்றவற்றுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் பெறலாம். மூளை அறுவை தேவைப்பட்டால் கோலாலம்பூர் மருத்துவமனையில் அதற்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது.

கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்தவருக்கு மருத்துவர் செய்யக்கூடியது அதிகம். மாத்திரை வாங்கிப் போட்டு மாதங்களைக் கடத்தாதிருப்போம்.