கணுக்காலும் ஓர் அமானிதமே

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஒளுவில் இரு கால்களையும் கணுக்கால் உட்படக் கழுவுவது நம் மீது ஃபர்ளு. ஆயினும் நாள்தோறும் கை தொடும் அந்த மூட்டின் நலத்தை எண்ணிப் பார்ப்பவர் நம்மில் சிலரே. கவுஞ்சி போன்ற மலையூரில், படிப்படியாக அமைந்த நிலங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைவித்து, மூட்டை சுமந்து, மழை நாளில் வழுக்கும் தடங்களில் ஏறி இறங்கும் மக்களுக்கு அம்மூட்டே பிழைப்பு. அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேச விரும்பினேன்.

பாதம் உட்புறமாகப் பிரளும்போது, வெளிக்கணுவைச் சார்ந்த ஜவ்வுகள் இழுபடுகின்றன. சில வேளை கிழிந்தும் விடுகின்றன. நாம் அதைச் சுளுக்கு என்று சொல்லி, எண்ணெய் தடவி உருவி, வலி குறைந்ததும் மறந்து விடுகிறோம். வலி நீங்குவது வேறு. கால் பழைய உறுதியைப் பெறுவது வேறு. முதற்சுளுக்கு நேர்ந்து ஓராண்டு கடந்த பின்னும் கால் மீண்டும் மீண்டும் பிசகுவதும், ஊன்றும்போது கால் விட்டுப் போவது போல் தோன்றுவதும் இருந்தால், அதை நாட்பட்ட கணுக்கால் தளர்ச்சி என்கின்றனர் மருத்துவர்கள். சுளுக்குற்றவர்களில் பத்துக்கு நால்வர் வரை இந்நிலையை அடையக்கூடும் என்று கண்ட ஆய்வும் உண்டு. கவனியாது விட்டால் மூட்டுத் தேய்மானத்திற்கும் அது வழிவகுக்கலாம்.

இத்தளர்ச்சிக்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, ஜவ்வே நெகிழ்ந்து போவது. மற்றொன்று, ஜவ்வு உறுதியாக இருந்தும், பாதம் எந்நிலையில் இருக்கிறது என்று உணர்த்தும் நரம்புணர்வும் தசையின் விரைவும் குன்றிப் போவது. இரண்டாவதை இங்கிலாந்து மருத்துவர் ஃப்ரீமன் 1965-இல் விளக்கி எழுதினார். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். ஆகவே ஒரே சோதனையில் உண்மை முழுவதும் வெளிப்படுவதில்லை.

முதற்சோதனை, கேள்வி கேட்பது. எத்தனை முறை பிசகியது? மேடு பள்ளத்திலா, சமதரையிலா? படி இறங்கும்போது அச்சம் உண்டா? இவ்வாறான 9 வினாக்களை வரிசைப்படுத்திய கம்பர்லேண்ட் வினாநிரலை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டனர். அதன் முழு மதிப்பெண் 30. 24 அல்லது அதற்குக் குறைவாகப் பெறுபவரின் கணுக்கால் தளர்ந்தது என்று கொள்ளலாம்.

இரண்டாவது, கையால் செய்யும் சோதனை. முழங்காலை மடித்துப் பாதத்தைத் தளரவிடச் செய்து, மருத்துவர் ஒரு கையால் கீழ்க்காலைப் பற்றிக்கொண்டு மறுகையால் குதிகாலை முன்னோக்கி இழுப்பார். மேசையின் இழுப்பறையை இழுப்பது போன்றிருப்பதால் இதற்கு இழுப்பறைச் சோதனை என்று பெயர். பின்னர் குதிகாலை உட்புறமாகச் சாய்த்துப் பார்ப்பார். நலமான காலோடு ஒப்பிட்டே முடிவு செய்வார். அடிபட்ட அன்றே வீக்கமும் வலியும் இச்சோதனையை மறைத்து விடும். நான்கைந்து நாள் கழித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, ஒற்றைக் காலில் நிற்கச் செய்து, மறு பாதத்தை முன்புறமும், பின்புறமாக இரு பக்கமும் எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறது என்று அளப்பது. நரம்புணர்வின் குறை இங்கே வெளிப்படும். ஸ்கேன் ஜவ்வின் கிழிசலைக் காட்டும். அசையாது கிடக்கும் கால், சரிவில் எப்படி நடக்கும் என்பதை அது காட்டாது. ஆனால் அடிபட்ட உடனே கணுவெலும்பை அழுத்தினால் வலித்தாலோ, நான்கு எட்டு நடக்க இயலாவிட்டாலோ, முறிவு உண்டா என்று அறிய எக்ஸ்ரே எடுக்கத் தாமதிக்கக் கூடாது.

இளைஞர்களே! 19.10.2023 அன்று புனேயில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் ஹர்திக் பாண்டியாவின் இடது கணுக்கால் பிசகியது. நவம்பர் 4-ஆம் நாள் அவர் தொடரிலிருந்தே விலக்கப்பட்டார். மருத்துவர்கள் சூழ வாழும் வீரருக்கே அத்தனை எச்சரிக்கை. நம் கூலித் தொழிலாளியோ மறுநாளே மூட்டை தூக்குகிறார்!

ஓதிப் பார்க்க வருபவருக்கு ஓதுகிறோம், துஆச் செய்கிறோம். ஆனால் நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே. ஸப்ரு என்பது நோயை மறைப்பதன்று. தளர்ச்சி உறுதியானால், சமநிலைப் பயிற்சியும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் கணுக்கால் உறையுமே பெரும்பாலோருக்கு முதல் மருத்துவம்; சில மாதங்கள் முயன்றும் பயனில்லாவிடில்தான் அறுவை சிகிச்சை பற்றி எண்ணுவர்.

மார்க்கமும் எளிமையையே நாடுகிறது. அவிழ்த்தால் தீங்கு நேரும் கட்டின் மீது ஈரக்கையால் மஸஹு செய்ய இடமுண்டு. தீங்கின்றிக் கழற்றக்கூடிய உறையைக் கழற்றிக் கழுவ வேண்டும். இருப்பில் பாதத்தை நட்டு வைக்க இயலாதவர், இயன்றவாறு அமரலாம்.

ஜமாஅத் நிர்வாகத்திற்கு ஒரு வேண்டுகோள். கொடைக்கானலுக்குச் சென்று மருத்துவரைக் காண ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் ஆகும். அதற்கு அஞ்சியே ஏழைகள் பலர் காலம் கடத்துகின்றனர். ஓராண்டில் இரு முறைக்கு மேல் கால் பிசகிய ஏழைகளின் பெயரைக் கேட்டறிந்து, ஸதக்கா நிதியிலிருந்து வழிச்செலவு அளியுங்கள். ஒருவர் கால் உறுதியாக நின்றால், ஒரு குடும்பம் உறுதியாக நிற்கும்.

வல்ல அல்லாஹ், உடல் என்னும் அமானிதத்தைப் பேணி நடக்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.