ஏவலாளர் அல்லர், மக்களின் காவலாளர்!



மத்திய அரசின் அதிகாரத்துக்கு அணைபோட வல்லவர் யார் என்று கேட்டால், மாநில முதலமைச்சர் என்பீர்கள், நீதிமன்றம் என்பீர்கள். அமெரிக்க நாட்டிலே இரண்டு ஷெரீப்புகள் அந்தப் பணியைச் செய்து காட்டினர்.

ஷெரீப் என்பவர் கவுண்டி எனப்படும் வட்டாரத்தின் காவல் தலைவர். மேலிடத்து நியமனத்தால் வந்தவரல்லர், வாக்குச்சீட்டால் வந்தவர்.

1993-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் பிராடி சட்டத்தை இயற்றியது. கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விசாரித்தறிய வேண்டும் என்றது. நல்ல நோக்கந்தான்! ஆனால், தேசிய அமைப்பு ஒன்று உருவாகும் வரையில், அந்த வேலையை வட்டாரக் காவல் தலைவர்களின் தலையிலே சுமத்தியது. சட்டம் வாஷிங்டனுடையது, சுமையோ உள்ளூருடையது! மொன்டானாவின் ஜே பிரின்ட்ஸ், அரிசோனாவின் ரிச்சர்ட் மாக் என்ற இரு ஷெரீப்புகள் வழக்காடினர். 1997 ஜூன் 27-இல் சுப்ரீம் கோர்ட், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: மத்திய அரசு தன் திட்டத்தை நிறைவேற்ற மாநில, வட்டார அலுவலரைக் கட்டாயப்படுத்த இயலாது.

துப்பாக்கிப் பிரியர்களின் வெற்றிதானே என்று முகம் சுளிக்காதீர்கள். 2017-இல் கலிபோர்னியா, குடியேறிகளைப் பிடிக்கும் மத்திய அரசின் வேலைக்குத் தன் போலீசைப் பயன்படுத்துவதைச் சட்டமியற்றிக் கட்டுப்படுத்தியது. மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலே அந்தச் சட்டத்தைக் காத்தது இதே நெறிதான். நெறி என்பது வேண்டியவருக்கு மட்டும் குடை பிடிப்பதன்று!

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். மத்திய அரசின் கையாளாக இருக்க மறுப்பது வேறு. மக்களின் உரிமையை மிதிப்பது வேறு. 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரிலே, வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்களை மாநிலப் போலீசாரோடு சேர்ந்து அடித்து விரட்டியவர்கள் யார்? ஜிம் கிளார்க் என்ற ஷெரீப்பின் ஆட்கள்! அவரும் தேர்தலிலே வென்றவர்தாம். அன்று மத்திய அரசின் வாக்குரிமைச் சட்டமே மக்களுக்கு அரணாயிற்று. மறு ஆண்டே, புதிதாய் வாக்குரிமை பெற்றவர்களும் சேர்ந்து அவரைத் தோற்கடித்தனர். உள்ளூர் அதிகாரத்துக்கும் ஓர் அணை உண்டு. அதன் பெயர் வாக்குச்சீட்டு.

நம் நிலை என்ன? நம் அரசியல் சட்டத்தின் 256-ஆவது பிரிவு, மாநிலத்துக்குக் கட்டளையிடும் உரிமையை மத்திய அரசுக்கு வழங்குகிறது. 258-ஆவது பிரிவோ, மாநில அலுவலர்மீது கடமைகளைச் சுமத்தப் பாராளுமன்றத்துக்கு இடமளிக்கிறது. அங்கே நீதிமன்றம் மறுத்ததை, இங்கே அரசியல் சட்டமே அளித்திருக்கிறது! 1971-இல் இராஜமன்னார் குழு அறிக்கை தந்தது. 1974-இல் நம் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும் அந்தப் பிரிவுகள் அப்படியே நிற்கின்றன.

ஊராட்சியிலும் நகர்மன்றத்திலும் அமர்ந்திருக்கும் தோழர்களே! டில்லியிடம் நாம் உரிமை கேட்கிறோம். அதே உரிமையை ஊராட்சிக்கு வழங்கத் தயங்கினால், நம் குரலுக்கு வலிமை ஏது? சட்டத்தைப் படியுங்கள். மேலிருந்து வரும் ஆணையைப் பார்த்து, "இது யாருடைய வேலை? யாருடைய செலவு? யாருக்கு நன்மை?" என்று கேளுங்கள். மக்கள் உங்களை அனுப்பியது ஏவல் செய்ய அன்று; காவல் செய்ய!