விளையாட்டில் பெரிது நேர்மையே!

நடுவர் அவர்களே! தோணிரேவுப் பெருமக்களே!

"ஜெயிச்சவன்தான் சார் ராஜா" என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தார் எதிரணி நண்பர். எங்க வீட்டிலும் ஒரு ராஜா இருக்கிறான், என் மகன்! இன்டர்நெட்டில் செஸ் ஆடுவான். ஒருநாள் வரிசையாக ஏழு ஆட்டம் ஜெயிச்சான். எட்டிப் பார்த்தேன். மடியிலே இன்னொரு போன்! அது சொல்லுது, இவன் காயை நகர்த்துறான். "யார்ரா ஜெயிச்சது?" என்றேன். "நான்தாம்பா." "நீ எங்கேடா ஜெயிச்சே? நீ அந்தப் போனுக்குக் கை, அவ்வளவுதான்!" (கைதட்டல்)

2021 ஜூனில் விஸ்வநாதன் ஆனந்த், கொரோனா நிவாரண நிதிக்காகப் பிரபலங்கள் பலரோடு ஒரே நேரத்தில் இணையத்தில் ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத் அவரை ஜெயித்தார். மறுநாளே, ஆட்கள் உதவியும் கம்ப்யூட்டர் உதவியும் பெற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். ஐந்து முறை உலக சாம்பியன் ஆனவரை ஜெயிச்சும் கொண்டாட முடியலையே, ஐயா!

கம்ப்யூட்டரை விடுங்க. இந்தப் பழவேற்காடு ஏரியிலே 'பாடு' என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில், எப்போது, யார் வலை போடுவது என்று மீனவர்கள் வகுத்த முறை. அடுத்தவன் பாட்டிலே வலை விரித்தால் மீன் கிடைக்காதா? கிடைக்கும். கரையேறி ஊர் முகத்தில் விழிக்க முடியுமா?

அன்று என் மகன் அந்தப் போனை என்னிடம் கொடுத்தான். அடுத்த ஆட்டத்தில் தோற்றான். "நான் தோத்துட்டேம்பா" என்றான். தோற்றாலும் அந்த 'நான்' நிஜம்! ஆகவே, நேர்மையே பெரிது என்று தீர்ப்பளியுங்கள்.