உப்பை வாரியவர்களைத் தேடிப் போனவர்

(மகளிர் தினக் கூட்டத்தில் நம் சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு பெண் எழுத்தாளரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் குடியிருப்பில் இருக்கும் வட இந்திய நண்பர்களைக் கேட்டால், பஞ்சாபி எழுத்தாளர் அம்ரிதா ப்ரீதம் பெயரை உடனே சொல்வார்கள். 1956இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர், அந்த விருதைப் பெற்ற முதல் பெண். சரி, தமிழுக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் யார்? இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் சற்று யோசிப்போம். அவர் ராஜம் கிருஷ்ணன். 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973இல் பெற்றார்.

1925இல் திருச்சி மாவட்டம் முசிறியில் பிறந்தவர். பதினைந்து வயதில் திருமணம். கல்லூரிப் படிப்பு கிடையாது. பெரிய குடும்பத்தின் வேலைகளுக்கு நடுவே கிடைத்ததையெல்லாம் படித்து, தானாகவே எழுதக் கற்றுக்கொண்டார். 1953இல் 'பெண்' நாவலுக்குக் கலைமகள் பரிசு கிடைத்தது. 1958இல் 'மலர்கள்' நாவலுக்கு ஆனந்த விகடன் பரிசு.

கணவர் கிருஷ்ணன் மின்வாரியப் பொறியாளர். நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டம் நடந்தபோது இருவரும் அங்கே இருந்தார்கள். மாற்றலாகிப் போன ஊரில் பால் எங்கே கிடைக்கும், பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்றுதான் நாம் விசாரிப்போம். இவர் அந்த மலையில் வாழும் படகர்களைப் பற்றி விசாரித்தார். தேயிலையும் அணைக்கட்டும் பணமும் வந்தபின் அவர்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்பதைத் தலைமுறைக் கதையாக எழுதினார். அதுதான் 1963இல் வந்த 'குறிஞ்சித்தேன்'.

அதன்பின் இதுவே அவருடைய வழியாகிவிட்டது. யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர்கள் இருக்கும் இடத்துக்கே போவார். பேசுவார், கேட்பார், குறித்துக்கொள்வார். பிறகுதான் எழுத உட்காருவார். கடற்கரை மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க்கரையில்', தஞ்சை வயல்களின் கூலித் தொழிலாளர்களைப் பற்றி 'சேற்றில் மனிதர்கள்', தீப்பெட்டித் தொழிலில் வதைபட்ட சிவகாசிப் பக்கத்துக் குழந்தைகளைப் பற்றி 'கூட்டுக் குஞ்சுகள்' என்று வரிசையாக வந்தன. விவசாயத் தொழிலாளர்களுக்காகப் போராடிய மணலூர் மணியம்மையை ஊர் மறந்திருந்தது. அவரை அறிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு, 'பாதையில் பதிந்த அடிகள்' எழுதினார்.

இவற்றில் உங்களை முதலில் படிக்கச் சொல்வது 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத்தில் வேலைக்குப் போகும் பொன்னாச்சி என்ற பெண்ணும் அவள் தம்பி பச்சையும் அதில் வருகிறார்கள். உப்புத் தண்ணீரிலேயே நின்று காலெல்லாம் புண்ணாகும். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கெடும். மழைக்காலம் வந்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. பெண்களுக்கு இவற்றோடு மேற்பார்வை ஆட்களின் தொல்லை வேறு. நாவலைப் படித்து முடித்தபின் சாப்பாட்டு மேசையில் இருக்கும் உப்பு டப்பாவைச் சாதாரணமாக எடுக்க முடியாது.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் வரும் சாலையில் இருபுறமும் தண்ணீரும் உப்புப் பாத்திகளும் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாலை வெளிச்சத்தில் காரை ஓரமாக நிறுத்திப் படம் எடுக்கிறோம். குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறோம். அந்தப் பாத்தியில் வேலை செய்பவர் எத்தனை மணிக்கு வந்தார், காலில் என்ன போட்டிருந்தார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. ராஜம் கிருஷ்ணனுக்குத் தோன்றியது. நமக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அவருடைய கடைசிக் காலத்தையும் சொல்லியாக வேண்டும். தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை. கணவர் மறைந்தபின், நம்பியவர்களிடம் சேமிப்பை இழந்து தனியாக நின்றார். முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். அந்த இல்லம் எங்கே தெரியுமா? நாம் ஈ.சி.ஆரில் திருவான்மியூர் போகும்போது நீலாங்கரையை அடுத்து வருகிற பாலவாக்கத்தில். அந்த நேரத்தில் அவருக்குத் துணையாக வந்தவர்கள் பெரும்பாலும் அவரைப் படித்தவர்களும், சக எழுத்தாளர்களும், நண்பர்களும்தான். பொதுவாக எழுத்தாளர் மறைந்த பிறகே நூல்களை நாட்டுடைமை ஆக்குவது வழக்கம். இவருடைய நூல்களை 2009இல், அவர் இருக்கும்போதே, தமிழக அரசு நாட்டுடைமையாக்கி மூன்று லட்சம் ரூபாய் வழங்கியது. பின்னர் போரூர் ராமச்சந்திரா மருத்துவமனையில் நீண்ட நாள் பராமரிக்கப்பட்டார். 2014 அக்டோபர் 20 அன்று காலமானார்.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் குடியிருப்பிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், யாரை நம்புவது என்று கலந்து பேச அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும். எத்தனை பேருடைய அவலத்தை எழுதியவருக்கே முதுமையில் அந்தத் துணை தேவைப்பட்டது. எதிர்வீட்டுக்காரர் என்ற முறையில் அந்தத் துணையாக நம்மால் இருக்க முடியும்.

மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். ஒன்று, நம் நூலக அலமாரியில் ராஜம் கிருஷ்ணனுக்கு ஒரு தட்டு ஒதுக்குவோம். நாட்டுடைமை நூல்கள் என்பதால் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. கண் சிரமப்படும் பெரியவர்களுக்கு மாணவர்கள் வாசித்துக் காட்டலாம். இரண்டு, உங்கள் மாடியில் தனியாக இருப்பவரின் கதவை வாரம் ஒருமுறையாவது தட்டுங்கள். மூன்று, காலையில் கூடையோடு வாசலுக்கு வரும் மீன்கார அம்மாவிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால் பெயரைக் கேளுங்கள்.

அவர் எழுதியதைப் படிப்பதோடு அவர் செய்ததில் கொஞ்சமாவது செய்வோம்.