கணக்கின் இலக்கணம்



“எனக்குக் கணக்கு வராது” என்று சொல்லும் மாணவி எல்லா வகுப்பிலும் இருப்பாள். “எனக்கு இலக்கணம் வராது, ஆகையால் தமிழ் பேசமாட்டேன்” என்று எவரும் சொல்வதில்லை. மூன்று வயதுப் பிள்ளை “அம்மாட்டப் போறன்”, “அம்மாவோட போறன்” என்ற இரண்டையும் மாற்றிப் பேசாது. வேற்றுமையை அது படிக்கவில்லை. பேசிப் பேசியே பிடித்துக்கொண்டது. கணிதத்தையும் அப்படிப் பழகலாம் என்பதே நாங்கள் இன்று சொல்ல வந்தது.

வகுத்தலைப் பாருங்கள். “12ஐ 3ஆல் வகு” என்றாலும் “3ஆல் 12ஐ வகு” என்றாலும் விடை 4. சொற்கள் இடம் மாறினாலும் ‘ஐ’யும் ‘ஆல்’உம் பொருளைக் காக்கின்றன. குறியீட்டில் உருபு இல்லை. 12 ÷ 3 என்பதில் இடமே உருபின் வேலையைச் செய்கிறது. அதை 3 ÷ 12 என்று மாற்றினால் விடை கால்.

உயிரியல் பிரிவுக்குப் போன எங்களுக்கு உயர்தரத்தில் கணிதம் தனிப்பாடமாக இருக்கவில்லை. ஆனால் மருத்துவர்களான பின் அதைப் பேசாத நாளில்லை. 12 கிலோ நிறையுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் பரசிற்றமோல் என்றால் 180 மில்லிகிராம். பாணி மருந்தின் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் இருந்தால், கொடுக்கவேண்டியது 7.5 மில்லிலீற்றர்.

பேச்சில் பிழை வந்தால் கேட்பவர் திருத்தி விளங்கிக்கொள்வார். மருந்துச் சீட்டில் அதை நம்பியிருக்க முடியாது. அதனால்தான் ‘.5’ என்று எழுதாமல் ‘0.5’ என்றும், ‘5.0’ என்று எழுதாமல் ‘5’ என்றும் எழுதப் பழக்கப்படுகிறோம். புள்ளி கண்ணில் படாமற்போனால் அளவு பத்து மடங்காகிவிடும்.

இன்னொன்று. இலக்கணம் சரியான வாக்கியமும் பொய்யாக இருக்கலாம். அந்தப் பிள்ளையின் நிறையை 18 கிலோ என்று ஊகித்துவிட்டால், பெருக்கலும் வகுத்தலும் சரியாக இருந்தும் மருந்தின் அளவு பிழைதான். சரியான நிறையைக் கணிதம் தராது. தராசில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

தங்கைகளே, கணக்கை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எதை எதனால் வகுக்கிறோம், ஏன் வகுக்கிறோம் என்று பக்கத்திலிருப்பவளுக்கு விளங்கப்படுத்துங்கள். பழைய மாணவியரே, உங்கள் வீட்டுப் பிள்ளை “கணக்கு வராது” என்றால், “எங்களுக்கும் வராதுதான்” என்று ஆறுதல் சொல்லாதீர்கள். “எங்கே, செய்ததைச் சொல்லு பாப்பம்” என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள்.