நடந்து காணும் நம் நாடு

(நத்தத்தில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் நம் சங்கக் காரியதரிசி அவர்கள் எளியேனை அழைத்து, ‘நம் குலப் பெருமை’ என்னும் பொருள் பற்றி ஒருமணி நேரம் பேசவேண்டுமெனப் பணித்தார்கள். பெரியோர் பணியைத் தட்டுதல் முறையன்றாதலின் இசைந்தேன். ஆயினும் பொருளைச் சற்றே மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டினேன். ஒரு குலத்தின் பெருமையைப் பேசப் புகுவோர் அக்குலம் உழுதும் உண்டும் வாழ்ந்த நிலத்தை முன்னர் அறிதல் வேண்டும். நிலத்தை அறியும் வழி யாது? அதன்மேல் நடத்தலே. ஆகவே இன்று யான் பேசப்போவது, நம் ஊர்ப்புறங்களையும் வயல்வெளிகளையும் கால்நடையாகச் சென்று கண்டறிதல் பற்றியே.

முதற்கண் நம் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘நத்தம்’ என்பது மக்கள் குடியிருக்கும் நிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல். இன்றும் கிராமக் கணக்கில் ‘நத்தம் புறம்போக்கு’ என்று எழுதப்படுகின்றது. இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும் கல்வெட்டுகளில், ஊர்நத்தமும் குளங்களும் வாய்க்கால்களும் சுடுகாடும் வரியிலிருந்து நீக்கப்பட்ட நிலங்களாகக் குறிக்கப்பெறுகின்றன. மனிதன் வாழும் இடமும், அவனுக்கு நீர் தரும் இடமும், அவன் இறந்தபின் சேரும் இடமும் விளைநிலத்துக்குரிய வரியினின்றும் விலக்கப்பட்டமை காண்க. ஒரு சொல்லுக்குள் ஆயிரம் ஆண்டு நிலவழக்கு அடங்கிக் கிடக்கின்றது. சுற்றியுள்ள கோவில்பட்டி, சமுத்திராப்பட்டி, உலுப்பகுடி, சிறுகுடி, செந்துறை என்னும் ஊர்ப்பெயர்களும் பட்டி என்றும் குடி என்றும் துறை என்றும் முடிந்து, அவ்வவ்விடத்து மக்கள் முதன்முதல் எவ்வாறு வந்து தங்கினர் என்பதைச் சொல்லாமற் சொல்லுகின்றன. ஆயினும் நாம் அவற்றைப் பேருந்துப் பலகையிற் படிப்பதோடு நிறுத்திக்கொள்கின்றோம்.

நடத்தல் நமக்குப் புதிதன்று. மாசித் திருவிழாவில் மாரியம்மனுக்குக் கரந்தமலைத் தீர்த்தம் எடுத்துவருவோர் நடந்தே வருகின்றனர். தைப்பூசத்தையொட்டிச் செட்டிநாட்டு நகரத்தார் காவடி தாங்கிச் சிங்கம்புணரி, சமுத்திராப்பட்டி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் கடந்து பழனி சேர்கின்றனர். அடியார்க்கு மோரும் நீரும் கொடுத்து நிற்கும் நாம், அவர்கள் நடக்கும் வழியின் இருபுறமும் என்ன உள்ளது என்று ஒருநாளேனும் நின்று நோக்கினோமா? பிறரைச் சொல்வானேன்? என் குற்றத்தையே சொல்லுகின்றேன்.

யான் பள்ளியிற் சிலப்பதிகாரம் கற்பிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆயின. காடுகாண் காதையை உரையோடும் இலக்கணக் குறிப்போடும் ஒவ்வோராண்டும் பிழையின்றி நடத்திவந்தேன். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரினின்றும் மதுரைக்குச் செல்லுங்கால், மாங்காட்டு மறையோன் எதிர்ப்பட்டு வழி கூறுகின்றான். கொடும்பாளூர்க்கருகே வழி மூன்றாகப் பிரிகின்றது என்றும், சிவபெருமான் ஏந்திய சூலத்தின் மூன்று இலைகளைப் போல்வது என்றும், வலவழியிற் சிறுமலை தோன்றும், இடவழியில் திருமால்குன்றம் ஆகிய அழகர்மலை தோன்றும், இடைவழியிற் கானுறை தெய்வம் ஒன்று உண்டு என்றும் அவன் விரித்துரைக்கின்றான். ஒருநாள் இதனை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்த சிறுவன் எழுந்து சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, “ஐயா, அந்தச் சிறுமலை நம்ம சிறுமலையா?” என்று கேட்டான்.

அன்பர்களே! யான் வாயடைத்து நின்றேன். சிறுமலை நமக்கு மேற்கே நிற்கின்றது. அழகர்மலை நமக்குத் தெற்கே நிற்கின்றது. நம் வெளி இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கின்றது. அம்மூவரும் நடந்ததும் அவ்விடைவழியே. அடிகள் அம்மலையில் விளைவனவாகச் சொன்ன வாழை இன்றும் அங்கே விளைகின்றது. சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. இத்துணையும் கண்முன் இருக்க, யான் அம்மலையைக் காட்டாமல் அச்சொல்லுக்குப் பொருள் மாத்திரம் எழுதச் செய்தேன். அவ்வாரத்துச் சனிக்கிழமையே பதினொரு மாணாக்கரை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். கோவில்பட்டிக் கைலாசநாதர் திருக்கோயிலிலிருந்து கண்மாய்க்கரை ஏறி, மாந்தோப்பும் புளியந்தோப்பும் கடந்து நடந்தோம். அன்று தொடங்கிய நடை இன்றளவும் மாதந்தோறும் நடைபெறுகின்றது.

நடப்பவன் கண்ணுக்குச் சரித்திரம் வேறுவகையாகத் தோன்றும். மதுரையிலிருந்து நத்தம் வரும் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1755-ஆம் ஆண்டு, கும்பெனியாரின் படைத்தலைவன் கர்னல் ஹெரான் தென்னாட்டிற் கப்பம் தண்டப் புறப்பட்டு, திருமோகூர்க் கோயிற் கதவை எரித்து, அங்கிருந்த செப்புத் திருமேனிகளைக் கொள்ளைகொண்டான். அவ்வாண்டு மே மாதம் 29-ஆம் நாள் அவன் படை நத்தம் கணவாயின் குறுகிய வழியிற் செல்லும்போது, அந்நாட்டுக் கள்ளர்கள் இருபுறத்துக் காட்டினின்றும் பாய்ந்து தாக்கித் தங்கள் தெய்வத் திருமேனிகளை மீட்டுச் சென்றனர். ஓர்ம் என்னும் ஆங்கிலச் சரித்திர ஆசிரியர் இதனை விரிவாக எழுதியுள்ளார். ஹெரான் பின்னர் இராணுவ விசாரணைக்கு உட்பட்டு வேலையிழந்தான். இன்று அவ்வழியில் நான்குவழிச் சாலை செல்லுகின்றது. மதுரை நகர்க்குள் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பறக்கும் பாலமும் 2023-இல் திறக்கப்பட்டுவிட்டது. வசதியை யான் பழிக்கவில்லை; நோயாளியை ஏற்றிச் செல்வோர்க்கு அச்சாலையின் அருமை தெரியும். ஆயினும் வண்டியில் விரைவோன் கணவாயைக் காண்பதில்லை. இறங்கி நடப்பவனுக்கே, மலைகள் எவ்வாறு நெருங்குகின்றன, ஏன் ஒரு பெரும்படை அங்கே சிதறியது என்பன விளங்கும்.

போர்கள் நூலில் ஏறிவிட்டன. நூலில் ஏறாதது நம் கண்மாய். வரத்துக்கால், கரை, மடை, கலிங்கு, மறுகால் என அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஒரு கலை. பாண்டிநாட்டுப் பழங்கண்மாய்கள் பலவற்றில் நீருக்குள்ளே இரண்டு கற்றூண்கள் நிற்பதைக் காணலாம். அவை குமிழித்தூம்பு எனப்படும். மேற்றுளையைத் திறந்தால் தெளிந்த நீர் வயலுக்குச் செல்லவும், கீழ்த்துளை வழியே வண்டல் வெளியேறவும் அமைத்தனர் முன்னோர். அத்தூண்களிற் சிலவற்றில், அதனைச் செய்வித்தவர் பெயரும் வெட்டப்பட்டிருக்கும். மண் சுமந்தவர் பெயரோ, கல் தச்சர் பெயரோ, இரவெல்லாம் நீர் காத்தவர் பெயரோ இருப்பது மிக அரிது.

இவ்விடத்து என் நெஞ்சை உறுத்தும் ஒன்றைச் சபையார் முன் சொல்லவேண்டியவனாகின்றேன். எங்கள் நடையில் ஒரு முதியவரைக் கண்டோம். தலைமுறை தலைமுறையாகக் கண்மாய் நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சிய குடும்பத்தவர். கண்மாய்ப் பாசனத்திலுள்ள வயல்கள் ஒவ்வொன்றின் பெயரும் அவருக்கு மனப்பாடம். எத்தடிக்கு எம்மடை, எத்தடியில் எவ்வாண்டு யார் விதைத்தார், எந்த வரப்பில் எந்தக் கல் நின்றது என்று அவர் சொல்லச் சொல்ல யான் எழுதினேன். அவர் வீட்டில் என்னைக் கட்டிலில் இருத்திவிட்டுத் தாம் நின்றுகொண்டே சொன்னார். “நீங்களும் உட்காருங்கள், பெரியவரே” என்று சொல்ல எனக்கு மூன்றாம் நாளில்தான் தோன்றிற்று. “இருக்கட்டும் வாத்தியாரையா, பழகிப்போச்சு” என்றார். நாற்பது பெயர்கள் எழுதியிருந்தேன். மீதியை அடுத்த மாதம் எழுதலாம் என்று விடைபெற்றேன். பரீட்சை வந்தது, விடைத்தாள் திருத்தம் வந்தது, நாள் கடந்தது. யான் மீண்டும் சென்றபோது அவர் இல்லை. அவர் சொன்ன வயல்களிற் சில, வண்ணக்கல் நட்ட மனைகளாகிவிட்டன. அந்நோட்டுப் புத்தகத்தின் மிகுதிப் பக்கங்கள் இன்றும் வெற்றாகவே உள்ளன. ஓலைச்சுவடியைக் கறையான் அரிக்கவிட்டவரைக் குறைசொல்லி வகுப்பிற் பேசிய நாவினன் யான். என் கைப்பட்ட சுவடியை யானே போகவிட்டேன்.

இதனால் ஆவதென்ன என்று கேட்பார்க்கு அண்மைக்காலச் செய்தி ஒன்று சொல்லுவேன். அழகர்மலைக்கு அப்பால், மேலூர்ப் பக்கத்தில் அரிட்டாபட்டி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும், சமணத் திருமேனியும், இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழி எழுத்தும் உள்ளன. அதனை அடுத்த மீனாட்சிபுரத்து மாங்குளக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் உள்ளது. 1882-இல் சுவெல் என்னும் வெள்ளையர் அதனைக் கண்டார், 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இத்தகைய குகை எழுத்துகளின் மொழி தமிழே எனக் காட்டினார். மதுரையில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று நடத்தும் ‘பசுமை நடை’ என்னும் குழுவினர், பல ஆண்டுகளாக இத்தகைய குன்றுகளுக்கு நூற்றுக்கணக்கானோரை விடியற்காலையில் அழைத்துச் சென்று, அறிஞரைக்கொண்டு விளக்கி வருகின்றனர். 2022-இல் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி, தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு இறுதியில் அப்பகுதியையும் உட்படுத்தி டங்ஸ்டன் சுரங்கம் தோண்டும் உரிமை ஏலம் விடப்பட்டதாகச் செய்தி வந்தது. ஊர்மக்கள் திரண்டனர், 2025 சனவரி 7-ஆம் நாள் பல ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். அம்மாதத்திலேயே ஏலம் இரத்து செய்யப்பட்டது. அம்மக்களுக்குத் தங்கள் குன்றின் பெயரும் சுனையின் பெயரும் கல்லின் வயதும் தெரிந்திருந்தன, சொல்லவும் முடிந்தது. நம் கண்மாய்க்கோ கரட்டுக்கோ நாளை இடர் வந்தால், நாம் எதனைச் சொல்லுவோம்?

இனி, இச்சங்கத்திற் சொல்லத் தயங்கியும் சொல்லாமலிருக்க ஒண்ணாத ஒன்று உண்டு. முன்னர்ச் சொன்ன தஞ்சைக் கல்வெட்டிலேயே ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு. சுடுகாடு வேறு, பறைச்சுடுகாடு வேறு என்று பிரித்து எழுதியிருக்கின்றது. பெருமையைக் கல்லிற் படிப்போர் இதனையும் படிக்கவேண்டும். 1924-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் வைக்கத்திற் சத்தியாக்கிரகம் தொடங்கியது எதன்பொருட்டு? கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதன்பொருட்டு. பெரியார் அதற்காகச் சிறை புகுந்தார். நடத்தல் என்னும் எளிய செயலும் நம் நாட்டிற் பலர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. ஆதலின் நம் நடை ஊர்த்தெருவோடு நின்றுவிடுமானால் அது பாதி நடையே. ஒரு கண்மாயின் வரலாறு கரை போட்டவனிடம் ஒருபங்கும், மடை திறந்தவனிடம் ஒருபங்கும், களை பறித்தவளிடம் ஒருபங்குமாகச் சிதறிக் கிடக்கின்றது. ஒரு குலம் தனித்து அதனை எழுத முயன்றால், என் நோட்டுப் புத்தகம்போற் பாதி வெற்றாகவே இருக்கும்.

நம் சங்கம் குல வரலாற்று மலர் ஒன்று வெளியிட எண்ணியிருப்பதை அறிவேன். மகிழ்ச்சியே. அதன்பொருட்டுச் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். தை முதற் பங்குனிவரை, அறுவடை முடிந்து நிலம் காய்ந்திருக்கும் நாட்களில், மாதம் ஒரு ஞாயிறு விடியலில் ஓர் ஊருக்கு நடப்போம். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் உடன்வர அழைப்போம். வயலுக்குரியவரைக் கேட்டே உள்ளே புகுவோம். கல்லெழுத்தைக் கண்டால் எண்ணெயோ சுண்ணமோ பூசாது, சுரண்டாது, படம் எடுத்துத் தொல்லியல் துறையார்க்குத் தெரிவிப்போம். கண்மாய், மடை, தடி, பாதை, தோப்பு ஆகியவற்றின் பெயர்களை முதியோர் வாய்ச்சொற்படியே எழுதி, சொன்னவர் பெயரையும் அவர் இசைவோடு பக்கத்திற் குறிப்போம். அவ்வேட்டின் ஒரு படியைப் பள்ளியிலும், ஒரு படியை ஊராட்சியிலும் வைப்போம். நம் மலரில் முன்னிருபது பக்கங்களை இதற்கு ஒதுக்கித் தாருங்கள். பின்னுள்ள பக்கங்களிற் குலப்பெருமை வருமாயின், அதற்கு அடிநிலம் ஒன்று இருக்கும்.

சொல்பவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். நம் வீட்டுத் திண்ணையிலும், நாம் இதுவரை ஏறாத திண்ணையிலும் அவர்கள் அமர்ந்திருக்கின்றனர். அடுத்த மாதம் வருகின்றேன் என்று யான் ஒருவரிடம் சொன்ன பிழையை நீங்கள் செய்யாதிருக்க வேண்டுகின்றேன். வருகின்ற ஞாயிறு காலை ஆறுமணிக்குக் கோவில்பட்டிக் கோயில் வாயிலில் யான் நிற்பேன். குறிப்பேடும் எழுதுகோலும் குடிநீரும் கொண்டு வாருங்கள்.