தலையில் உதிர்வதெல்லாம் பொடுகு அல்ல



நோயைவிடக் கொடியது எது என்பது இன்றைய கேள்வி. நோயை மறைப்பதுதான் என்பது இந்த உரையின் பதில். அதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு வீட்டு வாசலை மனத்தில் நிறுத்திப் பாருங்கள்.

பால்மரம் சீவப் போகும் ஒரு பெண். வேலைக்குப் போகையில் எல்லாரும்தான் தலையில் துண்டு கட்டுகிறார்கள். ஆனால், வீடு திரும்பிய பிறகும் இவர் துண்டை அவிழ்ப்பதில்லை. கல்யாணத்துக்குக் கருநீல ரவிக்கை போடுவதில்லை. தோளில் வெள்ளைச் செதில் தெரிந்துவிடுமே! பக்கத்து வீட்டு அக்காள், "பொடுகுதான், எலுமிச்சம்பழம் தேய்" என்கிறார். தேய்த்தால் நெருப்பாக எரிகிறது. கடைசியில் வீட்டிலேயே அவருக்குத் தனிச் சீப்பு, தனித் தலையணை. நோய் கொடுத்த வேதனை பாதி. மனிதர்கள் கொடுத்த வேதனை மீதி!

அவருக்கு வந்திருப்பது சொரியாசிஸ் என்னும் செதில் நோயாக இருக்கலாம். சித்த மருத்துவம் இதைக் காளாஞ்சகப்படை என்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறாகத் தூண்டப்பட்டுத் தோலை அவசரப்படுத்துகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோல் அணுக்கள் சில நாள்களிலேயே மேலே வந்து குவிகின்றன. அந்தக் குவியல்தான் செதில். பொடுகு பெரும்பாலும் எண்ணெய்ப் பசையோடு மெல்லியதாக உதிரும். இதுவோ தடித்து, வெள்ளியைப் போல மின்னும். நெற்றி ஓரத்தையும் காதின் பின்புறத்தையும் தாண்டி வரும்.

இது கிருமியால் வருவதில்லை. சீப்பாலோ தலையணையாலோ ஒட்டுவதில்லை. முன்வினையும் அல்ல, செய்வினையும் அல்ல. 2014-இல் உலக சுகாதார மாநாடு இதைத் தீவிரமான, தொற்றாத, நீடித்த நோய் என்று தீர்மானமே நிறைவேற்றியது. உலகில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு. அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் தினம். அப்படியிருக்க, ஒரு பெண் மட்டும் ஏன் தலைகுனிய வேண்டும்?

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது, டிரெஸ்ஸர் இருந்தார். காய்ச்சலோ காயமோ, முதலில் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த வாசலும் பல இடங்களில் மூடிப்போனது. இன்று அந்த வாசல் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் இருக்கிறது. குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. மருந்துக்கடையில் ஷாம்பு மாற்றி ஷாம்பு வாங்கும் காசில் பத்து முறை போய் வரலாம்!

அங்கே டாக்டரிடம் துண்டை அவிழ்த்துக் காட்டுங்கள். சில வாரச் சிகிச்சையில் அடங்கவில்லை என்றால், தோல் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மலாயில் 'சூராட் ருஜுக்கான்' என்றால் உடனே புரியும். அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையிலும், கூலிம் பக்கத்தவருக்கு எட்டும் பினாங்கு மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. தேதி கிடைக்க நாளாகலாம். பாலிங்கிலிருந்து போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற கவலை நியாயமானது. டாக்டர் மருத்துவ விடுப்புச் சான்று கொடுத்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படாதீர்கள்.

நிபுணர் என்ன செய்வார்? முதலில் செதிலை இளக்குவார். தார், சாலிசிலிக் அமிலம், நம் தேங்காய் எண்ணெய் மூன்றும் கலந்த களிம்பே இதற்கு உண்டு. பிறகு ஸ்டீராய்டு திரவம், வைட்டமின் டி வகை மருந்து. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, முடியில் அல்லாமல் தோலில் தடவ வேண்டும். மருந்து கேட்கவில்லை என்பதற்கு, மருந்து முடிக்குப் போய்த் தோலுக்குப் போகாததும் ஒரு காரணமாக இருக்கலாம்! நகத்தால் சுரண்டக் கூடாது. சுரண்டிய இடத்தில் நோய் புதிதாகக் கிளம்பலாம். முடி காணிக்கை கொடுப்பவர்களும் கத்தி படுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

நோய் கடுமையானால் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தருவார்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சம்சு குடிப்பவருக்கு ஈரல் கெடும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இடையிடையே இரத்தப் பரிசோதனை கட்டாயம்.

இன்னோர் எச்சரிக்கை. "மூன்றே வாரத்தில் அடியோடு குணம்" என்று சந்தையில் விற்கும் பொடியை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். சாப்பிடும் வரை சுகம். நிறுத்தினால் நோய் முன்னைவிட வெறியோடு திரும்பலாம். 'எம்.ஏ.எல்.' பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். வெட்பாலைத் தைலம் தேய்ப்பவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

காலையில் விரல் மூட்டு வீங்கி இறுகுகிறதா? நகத்தில் ஊசி குத்தியது போலக் குழி விழுகிறதா? அதையும் சொல்லுங்கள். இந்த நோய் மூட்டையும் தாக்கும். கை முடங்கினால் மரம் சீவுவது எப்படி, தொழிற்சாலையில் நிற்பது எப்படி?

அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை என்பது உண்மை. ஆனால், நீரிழிவைப் போல இதையும் அடக்கி வைத்து வாழ முடியும். மருந்து டாக்டர் கையில் இருக்கிறது. மீதி வீட்டார் கையில். அந்தத் தனிச் சீப்பை எடுத்து எறியுங்கள். "வாம்மா, கிளினிக்குக்கு நானும் வருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் போதும், அந்தத் துண்டு தானாக அவிழும்.